சுலோச்சனா அக்காவின் உள்ளங்கை

சுலோச்சனா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் சித்தூரில், திறக்கப்போகும் ஒரு ஹோட்டலின் சமையலறையில் ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். திருப்பதிக் கிளையின் தோசை மாஸ்டர் முனிரத்தினம் போன் செய்தார். "சார், அக்கா பூட்டாங்க" என்றார். அக்கா வேலைக்குக் கிளம்பி நகரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறார். திருப்பதி பஸ் வந்திருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை. பழகின கண்டக்டர், தூங்குகிறார் என்று நினைத்து இறங்கிவந்து கூப்பிட்டிருக்கிறார். டிபன் பை மடியில் அப்படியே இருந்ததாம்.

சரி என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் கம்பெனி ஹோட்டல்களுக்கு ஆர்டர் எடுக்கும் டச் ஸ்கிரீனும் சமையலறைக் கேமராவும் போட்டுத் தருகிறது. எந்தக் கிளையில் என்ன நடக்கிறது என்பதை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். திருப்பதிக் கிளைக்கு நேரே சிவப்பில் ஒரு வரி வந்தது: "ஆர்டர் நிறுத்தம். காரணம்: கேமரா மறைக்கப்பட்டுள்ளது."

முனிரத்தினத்தைத் திரும்பக் கூப்பிட்டேன். "யாராவது கேமராவ மூடினீங்களா?"

"யாரு சார் மூடுவா? நாங்க எல்லாம் நகரிக்குப் போய்க்கினு கீறோம். ஹோட்டலு காலீலயே பூட்டியாச்சு."

பூட்டிய ஹோட்டலில் விளக்கு எரியாது, கேமராவுக்கு இருட்டுத்தான் தெரியும். ஆனால் காலையிலிருந்தே அங்கே இருட்டு. சிவப்பு வரி காலையில் வரவில்லை. மத்தியானக் கூட்டம் வடிந்து அடுத்த பஸ்கள் வருவதற்கு முந்திய அந்த இடைவெளியில், தினமும் அக்கா கேமரா மேல் கை வைக்கிற அதே நேரத்தில் வந்தது. காரணம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது லேப்டாப்பை மூடிவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நம்மில் யாரும் கிடையாது. அதனால் அவரைத் தெய்வமாக்கி எழுதப்போவதில்லை. செத்தவர்களைப் பற்றிப் பொய் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

முதன்முதலில் நான் போனது டச் ஸ்கிரீன்களை மாட்டுவதற்காக. திருப்பதி பைபாஸில், மலையிலிருந்து இறங்குகிற பஸ்களெல்லாம் நிற்கிற பெரிய ஹோட்டல் அது. ஷிப்ட் இன்சார்ஜ் அவர்தான். புது மெஷினைப் பார்த்ததும் எல்லா ஹோட்டல்களிலும் கேட்கிற கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன்: எத்தனை பேருக்கு வேலை போகும்? அவர் அதைக் கேட்கவில்லை. ஸ்கிரீனைச் சுற்றி வந்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "ஏம்பா இஞ்சினீரு, இது திட்டினா தாங்குமா?" என்றார்.

"மெஷினுக்கு என்னம்மா, தாங்கும்."

"அம்மான்னு கூப்பிடாத. எனுக்கு அவ்ளோ பெரிய புள்ள வேணாம்."

அன்றிலிருந்து அக்கா.

மெஷினை அவருக்குப் பிடித்திருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சாவு வீட்டில் சிலர், பாவம், கம்ப்யூட்டர் வந்து அவரை ஒழித்துவிட்டது என்கிற மாதிரி பேசினார்கள். அப்படி இல்லை. முன்பெல்லாம் கவுண்ட்டரில் நின்று ஆர்டரை உள்ளே கத்திச் சொல்வது அவர் வேலை. கத்திக் கத்தித் தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர். குரல் அதற்குப் பிறகு அறுந்த மாதிரியே இருக்கும். ஒருமுறை ஒரு பக்தர், "முந்தியெல்லாம் சர்வர் வந்து கேட்டு, உள்ள குரல் கொடுப்பாங்க, அந்தக் கலகலப்பே இப்ப இல்லம்மா" என்றார். அக்கா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "அந்தக் கலகலப்புதான் இப்ப உன்கிட்ட பேசிக்கினு கீது, கேளு" என்றார். மனிதர் ஸ்கிரீனைத் தட்ட ஆரம்பித்தார்.

ஸ்கிரீனுக்குப் பிறகு கேமரா வந்தது. தட்டுகள் வந்து நிற்கிற கவுண்ட்டருக்கு மேலே, கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒன்று. அது தட்டுகளை எண்ணும். தட்டு தேங்கினால் ஆர்டரை மெதுவாக்கும், கவுண்ட்டர் காலியானால் வேகமாக்கும். முந்தைய நாட்களைப் பார்த்து எந்த நேரத்தில் எவ்வளவு கூட்டம் வரும் என்று ஊகித்து, ஆள் வருவதற்கு முன்பே தோசை ஊற்றச் சொல்லும். நல்ல சிஸ்டம், நானே போட்டது. அதில் ஒரே ஒரு விஷயம், காலி நேரம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. முன்பு பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே சமையலறை ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்போது அந்த நேரத்தில் அடுத்த பஸ்ஸுக்கான தோசை கல்லில் இருக்கும். நின்றபடி ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டு, மறு கையில் தோசைத் திருப்பி. அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த முனிரத்தினம் ஒருநாள் தடுமாறித் தோசைக்கல்லில் கையை ஊன்றிவிட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து எனக்குத் தினமும் ஒரு புகார் வர ஆரம்பித்தது. மத்தியானம் கேமரா இருண்டுபோகிறது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிறது. கண் தெரியாவிட்டால் சிஸ்டம் தட்டை எண்ண முடியாது, அதனால் எல்லா ஸ்கிரீனையும் மங்கலாக்கி "சற்றுப் பொறுக்கவும்" என்று தமிழிலும் தெலுங்கிலும் போட்டுவிடும். நான் போய்க் கேமராவை மாற்றினேன். மேலே மூடியிருக்கும் கண்ணாடிக் கிண்ணம் நன்றாக இருந்ததால் அதையே திரும்ப மாட்டினேன். அக்கா எனக்கு ஏணி பிடித்தார், டீ கொடுத்தார், "பாவம், வெய்யில்ல வந்துக்கீறியே" என்றார். மறுநாளும் அதே புகார். ஆத்திரத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். சமையலறையில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா ஸ்டூல் மேல் ஏறி, கேமராவின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

"அக்கா, கேமரா ரிப்பேர்னு சொன்னீங்க."

"கேமரா நல்லாத்தான் கீது. இவுங்க துன்னணும்."

"நிறுத்தறதுக்கு மெனுவிலேயே பட்டன் இருக்கு. கை எதுக்கு?"

"பாத்தேன், பாத்தேன். அமுக்கினா காரணம் கேக்குது. மிஷின் ரிப்பேரு கீது, கேஸ் தீந்துபோச்சு கீது, கழுவறது கீது. துன்றதுக்குன்னு ஒண்ணு இல்லியே. நீ போடலியா, உனுக்குத் தெரியாதா அப்டி ஒண்ணு கீதுன்னு?"

ஹோட்டல்காரர்கள் யாரும் அதைக் கேட்டதில்லை, அதனால் அது இல்லை என்றேன். "சரி, எறங்கறப்போ கையப் புடி" என்றார். அவர் கை முழுக்க எண்ணெய். சாப்பாடு பரிமாறிய கையைக் கழுவாமலேயே ஏறியிருந்தார்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று பிறகொருநாள் சொன்னார். நகரியில் அவர்கள் வீடு விசைத்தறி ஓடுகிற கொட்டகையோடு ஒட்டியது. தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. உள்ளே எல்லாம் கை ஜாடைதான். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து என்று அர்த்தம். யார் காட்டினாலும் தறியை நிறுத்தவேண்டும், ஏன் எதற்கு என்று கேட்பதெல்லாம் நிறுத்திய பிறகு. "எங்க நைனாவுக்குக் காது போயி ரொம்ப வருசம் ஆவுது. அது இன்னும் கைலதான் பேசுது. எனுக்கு வாய் போச்சு, அதுக்குக் காது போச்சு, வீட்ல சண்டையே இல்ல" என்று சிரித்தார்.

என்னையும் அவர் விட்டதில்லை. லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன் நான். சத்தியவேட்டில் எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கென்று யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூலி வேலையில் எங்கே உட்காருவது? ஒருநாள் என் விரல் கீபோர்டில் இருக்கும்போதே லேப்டாப்பை மூடிவிட்டார். வலித்தது. கத்தினேன். "துன்னுக்கினு கீறவன எழுப்பக்கூடாதுன்றது என் ரூலு. நீயே உன்ன எழுப்பிக்கினே கீறியே, உன்ன இன்னா பண்றது?" என்றார். நான் சாப்பிட்டேன். அவர் செய்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், இப்போதும் சொல்கிறேன்.

நகரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் தறிகள் நின்றிருந்தன. சாவு விழுந்தால் அந்தத் தெருவில் தறி ஓட்டமாட்டார்கள். அந்த அமைதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எப்போதும் கத்திப் பேசிப் பழகியவர்கள் ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்தார்கள். என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. பாடையைத் தூக்கியபோது, சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய அப்பா, அந்த நைனா, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தூக்கியவர்கள் அத்தனை பேரும் தறிக்காரர்கள். பாடை தோளில் இருக்க, போட்ட அடி போட்டபடி நின்றுவிட்டார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பறை அடிக்கிறவரும் நிறுத்திவிட்டார். கிழவர் கையை இறக்கவே இல்லை. கடைசியில் முனிரத்தினம்தான் போய் அந்தக் கையைப் பிடித்து மெல்ல மடியில் வைத்தார். பாடை நகர்ந்தது.

திருப்பதி ஹோட்டலைத் திரும்பத் திறந்த அன்று மத்தியானம் ஸ்கிரீன்கள் மங்கின. மறுநாளும் அதே நேரத்தில் மங்கின. ஸ்டூலில் ஆள் இல்லை. முனிரத்தினத்தின் போன் வந்தது. "சார், அக்கா கைய வெச்சிக்கினு கீறாங்க."

நேரில் போய்ச் சமையலறை ஆட்களை உட்காரவைத்து விளக்கினேன். சிஸ்டம் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும். தினமும் இந்த நேரத்தில் கேமரா மூடப்பட்டது என்பதைக் கற்றுக்கொண்டு, இப்போது மூடுவதற்கு முன்பே தானாக நிறுத்துகிறது. ஆள் வருவதற்கு முன்பே தோசை ஊற்றச் சொல்கிற மாதிரிதான். பூட்டியிருந்த அன்று நின்றதும் இதனால்தான். முனிரத்தினம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அதான் சார் நானும் சொல்றேன்" என்றார். "அவங்க செஞ்சத அது செய்யுது. அப்போ கைய வெச்சது யாரு?" எனக்கு எரிச்சலாக வந்தது.

அன்று மங்கும் நேரத்தில் ஹாலில் போய் நின்று பார்த்தேன். மற்ற பஸ்களுக்கு முன்பே மலையிலிருந்து வந்துவிட்ட ஒரு பஸ் கூட்டம், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள், ஸ்கிரீன்களுக்கு முன்னால் வரிசையாக நின்றிருந்தன. எல்லா வெளிச்சமும் ஒன்றாகக் குறைந்தது. யாரும் சலிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. கோவில் வரிசையில் கதவு சாத்தினால் நிற்கிற மாதிரி நின்றார்கள். ஒரு குழந்தை ஸ்கிரீனைத் தொடப் போனது. அம்மா அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். உள்ளே தட்டுகளில் சாதம் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வெளிச்சம் வந்தது.

திருப்பதி, சித்தூர் இரண்டு ஹோட்டலுக்கும் முதலாளி ஒருவரே. அவருக்கு விஷயம் போனது. ஆள் நல்ல மாதிரிதான், ஆனால் ஓடுகிற ஹோட்டல் நின்றால் அவருக்குப் பொறுக்காது. போனில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏமய்யா, செத்துப்போன ஆளு என் ஹோட்டல்ல ஷிப்ட் பாத்துக்கினு கீதா? எல்லாம் பேசிக்கினு கீறாங்க. பஸ்காரன் எதிர் ஹோட்டலுக்கு வண்டியத் திருப்பறான். அந்தப் பழக்கத்த எடுத்துடு. நானே வந்து நிக்கறேன், என் முன்னால எடு."

பழக்கத்தை எடுப்பது எனக்குச் சின்ன வேலை. எடுத்தால் இவர்கள் பழையபடி நின்றுகொண்டுதான் சாப்பிடவேண்டும், அதுவும் எனக்குத் தெரியும். முனிரத்தினத்தின் கையில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. ஆனால் ஹோட்டல் முதலாளியுடையது, சிஸ்டத்துக்குப் பணம் கொடுப்பவரும் அவர்தான். சமையலறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி பக்கத்தில் நிற்க, அக்காவின் பழக்கம் முழுவதையும் அழித்தேன்.

அந்த நேரம் வந்தது. ஸ்கிரீன்கள் மங்கவில்லை. ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. முனிரத்தினம் தட்டில் போட்ட சாதத்தை அலமாரி மேல் வைத்துவிட்டுக் கல்லுக்குத் திரும்பினார். பின்னால் சாயங்காலத்துக்கான சாம்பார் அண்டாவைத் திறந்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டி, "அவ்ளோதானே" என்றார்.

அப்போது எல்லா ஸ்கிரீனும் மங்கின.

என் லேப்டாப்பில் கேமராப் படம் வெளுத்துப்போயிருந்தது. "கேமரா மறைக்கப்பட்டுள்ளது" என்று வந்தது. இது பழக்கம் இல்லை, பழக்கத்தை நான்தான் அழித்துவிட்டேனே. நிமிர்ந்து பார்த்தேன். கேமராவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. என் கழுத்துக்குப் பின்னால் மயிர் நின்றது, அதை மறைக்கப்போவதில்லை. துணியை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினேன்.

கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் உள்ளங்கையும், ரேகைகூடத் தெரிகிற அளவுக்கு. நாள் தவறாமல் எண்ணெய்க் கையை அதே இடத்தில் வைத்ததில் எண்ணெய் அப்படியே படிந்திருக்கிறது. சும்மா பார்த்தால் தெரியாது. அண்டாவின் ஆவி மேலே வந்து அந்த எண்ணெயில் ஒட்டியதும் கை வெள்ளையாக எழுந்து கேமராவை மூடியது. இத்தனை நாளும் பழக்கம் முந்திக்கொண்டு நிறுத்தியதால் யாரும் ஏறிப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்த பிறகும் துணி வைத்திருந்த என் கை முன்னால் போகவில்லை.

"இன்னா கீது அங்க?" என்றார் முதலாளி.

"நீங்களே பாருங்க சார்."

இறங்கினேன். அவர் ஏறினார். கனத்த உடம்பு, ஸ்டூல் ஆடியது. வெகுநேரம் பார்த்தார். "இது யாரு கை?" என்று கேட்டார், எங்களைத் திரும்பிப் பார்க்காமல். தன் உள்ளங்கையை அதற்கு எதிரே பிடித்தார். தொடவில்லை.

முனிரத்தினம் அலமாரி மேல் இருந்த தட்டை எடுத்து வந்து நீட்டினார். "எறங்கி வாங்க சார். நேரமாச்சு. துன்னுங்க."

முதலாளி இறங்கித் தரையில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன், லேப்டாப்பை மூடிவிட்டு. ஆவி அடங்கும்வரை ஹாலில் வெளிச்சம் வரவில்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் நிமிரவில்லை. கைகழுவும்போதுதான் முதலாளி என்னிடம் கேட்டார்: "நிறுத்தற பட்டன்ல காரணம் போடறதுக்கு எடம் கீதா?"

"இருக்கு சார்."

"சாப்பாடுன்னு போடு. சித்தூர்லயும் போட்டுடு." கையைத் துடைத்துக்கொண்டே, "அத மட்டும் தொடைக்காத" என்றார்.

சித்தூர் ஹோட்டல் திறந்துவிட்டது. காரணங்களின் பட்டியலில் முதல் வரி "சாப்பாடு". அக்கா ஒருநாளும் போகாத இடம் அது. கேமராவும் கண்ணாடியும் புதியவை. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. மத்தியானக் கூட்டம் வடிந்ததும் அங்கே ஸ்கிரீன்கள் மங்குகின்றன, உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பட்டனை யார் அழுத்துகிறீர்கள் என்று ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன். மாஸ்டர் ஹெல்பரைப் பார்த்தார். ஹெல்பர் மாஸ்டரைப் பார்த்தார். "நீங்கதான் தானா நிக்கற மாதிரி வெச்சிட்டீங்கன்னு நெனைச்சிக்கினு இருந்தோம் சார்" என்றார்கள்.

நான் அப்படி வைக்கவில்லை. எந்த லாகினிலிருந்து அழுத்தப்படுகிறது என்பதை என் லேப்டாப்பில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எதையும் பார்க்காமல், காரணம் கண்டுபிடிக்காமல் விட்டவன் இல்லை நான், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். இதை மட்டும் பார்க்கவில்லை. சிவப்பு வரி வரும்போது லேப்டாப்பை மூடிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருகிறேன். சுலோச்சனா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: கை விரித்துக் காட்டினால் நிறுத்துவது, யார் கை என்று கேட்காமல்.